என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே

காயல்பட்டினம்
14 அக்டோபர்

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் காரைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் சுகம். உம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, கப்பலில் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பதைப் பதிலில் முதல் வரியாக எழுதுங்கள். போன மெயிலில் உங்கள் முதல் வரி, டயரில் காற்று இருக்கிறதா என்பது.

கார் மறுபடியும் படுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. டிக்கியில் இருக்கிற பேட்டரியைக் கழற்றி ஆறுமுகநேரிக்கு அனுப்பி, சார்ஜ் ஏற்றி மாட்டினால் இரண்டு மூன்று நாள் ஓடுகிறது. பிறகு பழையபடி டக். பேட்டரியைத் தூக்க ஆள் பிடிப்பதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. ஊரில் மற்றவர்களின் புருஷன்மார் கப்பலில் இருந்தால் மனைவி போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் டிக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிறார்கள்: "மருமவனை வீட்டுக்கு எடுத்தோம், சரி. அது நம்ம ஊரு வழக்கம். அவரு காரையுமா எடுத்தோம்?" முற்றத்தில் பாதியை அந்தச் சிவப்பு வண்டி அடைத்துக்கொண்டு நிற்பதால் வற்றல் காயப்போட இடமில்லையாம். இரண்டே பேர் உட்காரும் காரை ஒரு குடும்பஸ்தன் எதற்காகக் கொச்சியில் இருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார் என்று கேட்கிறார்கள். நானும் அதையேதான் கேட்கிறேன்.

நல்ல செய்தி: உங்கள் தங்கை ஸஹ்லாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. பெருநாள் முடிந்து ஏப்ரல் இருபது, ஞாயிறு. உங்கள் வாப்பா மௌத்தான பிறகு அவளுக்கு வலீயாக நின்று மாப்பிள்ளை அனஸின் கையில் அவளை ஒப்படைக்க வேண்டியவர் நீங்கள். ஊர்வலத்தில் அனஸ் உங்கள் காரில்தான் வருவான் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தவரும் நீங்கள்தான். ஆகையால் ஏப்ரலுக்குள் நீங்களும் வந்து சேர வேண்டும், காரும் எழுந்து நிற்க வேண்டும். இரண்டில் எது கஷ்டம் என்று இப்போதைக்கு எனக்குச் சந்தேகமில்லை.

உங்கள்
ஆஃபியா


கப்பலில் இருந்து
19 அக்டோபர்

என் ஆஃபியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். முதல் வரி: நான் சுகம், சாப்பாடு சுகம். இனி விஷயத்துக்கு வரலாமா?

ஸஹ்லா செய்தி கேட்டு வயிறு குளிர்ந்தது. ஜனவரிக் கடைசியில் என் காண்ட்ராக்ட் முடிகிறது. ஏப்ரலுக்கு நிறைய நாள் இருக்கிறது. கவலையை விடு.

கார் விஷயம். 'டக்' என்கிறது, படுத்துவிட்டது என்றெல்லாம் எழுதினால் எந்த எலெக்ட்ரீஷியனும் ஒன்றும் சொல்ல முடியாது. திருச்செந்தூர் ரோட்டில் எலெக்ட்ரிக் கடையில் ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கு. கறுப்பு முள்ளை பேட்டரியின் மைனஸில் வை, சிவப்பு முள்ளை பிளஸ்ஸில் வை. வண்டி ஓடாதபோது பன்னிரண்டரை வோல்ட் காட்ட வேண்டும். ஓடும்போது பதினான்குக்கு ஏற வேண்டும். ஏறினால் சார்ஜ் போகிறது, ஏறாவிட்டால் போகவில்லை. ஊகிக்காதே, அளந்து பார். மனுஷன் சொல்வதில் கோளாறு தெரியாது, மீட்டர் சொல்வதில்தான் தெரியும். இருபது வருஷமாகக் கப்பலில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

வாரம் ஒரு தடவையாவது வண்டியை வெளியே எடுக்க வேண்டும். யாரை வைத்து ஓட்டுகிறாய்? கண்டவன் கையில் கொடுத்துவிடாதே. கியர் போடும்போது மென்மையாகப் போட வேண்டும்.

இந்தக் கப்பலில் மெயில் மட்டும்தான், வாட்ஸ்அப் கிடையாது. மாமியிடம் சலாம் சொல். வற்றலை மாடியில் காயப்போடலாமே.

அஸ்கர்


காயல்பட்டினம்
2 நவம்பர்

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். வற்றலை மாடியில் காயப்போடலாம் என்று நீங்கள் எழுதியதை உம்மாவிடம் சொல்லவில்லை. நீங்கள் ஊருக்கு வந்து இந்த வீட்டில் சாப்பிட வேண்டியவர்.

மீட்டர் வாங்கினேன். வண்டி ஓடாதபோது பன்னிரண்டரை. ஓடும்போது பன்னிரண்டு. ஏறவில்லை, இறங்குகிறது. பேட்டரி பழசு என்று புதுசு வாங்கி மாட்டினேன். அதுவும் அதையேதான் காட்டுகிறது. ஹெட்லைட்டைப் போட்டால் உள்ளே பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று முழிக்கிறது. ஹாரன் அடித்தால் இருமுகிறது.

ஆறுமுகநேரி மெக்கானிக் ஜீவமணியைக் கூட்டி வந்தேன். அவர் பானெட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்து, மூடினார். "இது வெளிநாட்டுக்காரன் வயரிங்கு அக்கா. நம்ம வண்டின்னா நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிருவேன்" என்றார். கண்ணைத் திறந்துகொண்டு சொன்னால் போதும் என்றேன். "பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டராத்தான் இருக்கும்" என்றார்.

இன்னொன்று. இதைக் கவனமாகப் படியுங்கள். ஸ்டார்ட் ஆகாமல் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு, ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டால் சுடுகிறது. கையை எடுக்கிற அளவுக்குச் சுடுகிறது. ரப்பர் தீய்கிற வாசம்கூட வந்தது. என்ஜின் அன்று ஓடவே இல்லை. ஓடாத என்ஜினில் கேபிள் எப்படிச் சுடும்?

ஓட்ட ஆள் இருக்கிறது. மென்மையான ஆள்தான். அதை விடுங்கள்.

உங்கள்
ஆஃபியா


கப்பலில் இருந்து
15 நவம்பர்

என் ஆஃபியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம், சாப்பாடு சுகம். ஷார்ஜாவுக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறோம். அடுத்த சரக்குக்கு ஆர்டர் வர வேண்டும். கப்பல் நிற்பதால் வேலை குறைவு.

நீ அளந்தது சரி. ஆல்டர்னேட்டரேதான். ஜீவமணி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் சரியாகச் சொல்லியிருக்கிறார். கழற்றிக் கொண்டுபோய் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்கச் சொல். ரெகுலேட்டரையும் பார்க்கச் சொல். பெல்ட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கக் கூடாது. தேய்ந்திருந்தால் வேறு ஆல்டர்னேட்டரே போட்டுவிடு.

ஆக்ஸிலரேட்டர் கேபிளைப் பற்றி நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன். எலெக்ட்ரிகல் கோளாறைக் கேட்டால் கேபிளைச் சொல்கிறாய். அது வெறும் இரும்புக் கம்பி ஆஃபியா. காலால் மிதித்தால் இழுக்கும், அவ்வளவுதான். அதில் கரண்ட் கிடையாது. வெயிலில் நின்ற வண்டியில் எதைத் தொட்டாலும் சுடும்.

இந்தத் தடவை சம்பளத்தை மாதாமாதம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இறங்கும்போது மொத்தமாக வாங்கிக்கொண்டு வந்தால் ஸஹ்லாவுக்குக் கொடுக்கிற வீட்டின் மாடியை ஒரே மூச்சில் கட்டி முடித்துவிடலாம். புது ஜோடி கீழே என் உம்மாவோடு நெருக்கிக்கொண்டு கிடக்கக் கூடாது. நான் அண்ணன் என்று இருக்கிறேன் அல்லவா?

அஸ்கர்


காயல்பட்டினம்
20 டிசம்பர்

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். நீங்கள் சுகமா என்று இதற்கு முன் இரண்டு மெயிலில் கேட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வேலை குறைவு என்று எழுதியவருக்கு மனைவிக்கு நாலு வரி எழுத நேரம் இல்லையா?

இங்கே மழை கொட்டித் தீர்த்துவிட்டது. உப்பளம் எல்லாம் குளமாகக் கிடக்கிறது. காருக்கு நனையாமல் தார்ப்பாய் கட்டினேன், உம்மா மேல் சாரல் அடித்தது. "காருக்குக் குடை, எனக்கு மழையா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நீங்கள் சொன்னதை எல்லாம் செய்தாயிற்று. பிரஷ் மாற்றினோம். ரெகுலேட்டர் மாற்றினோம். பெல்ட் மாற்றினோம். கடைசியில் ஆல்டர்னேட்டரையே மாற்றினோம். ஜீவமணி புது ஆல்டர்னேட்டரைத் தட்டிக்கொடுத்து, "இனிமே மாப்பிள்ளை ஊர்வலம் என்ன, மதுரைக்கே போலாம்" என்றார். மறுநாள் காலையில் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

என் கோபத்தில் நானே அளந்தேன். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் பிளஸ்ஸில் ஒரு முள், அதன் உடம்பில் ஒரு முள்: பதினாலேகால். அதே நேரம் பின்னால் டிக்கியில் பேட்டரியில் வைத்தால் பன்னிரண்டு. முன்னால் உற்பத்தி ஆவது பின்னால் வந்து சேரவில்லை. நடுவில் இரண்டு வோல்ட்டை யார் தின்கிறார்கள்? பழைய ஆல்டர்னேட்டரை எதற்குக் கழற்றினோம்? கேபிள் இன்னும் சுடுகிறது. அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், எனவே சொல்லவில்லை.

ஸஹ்லா பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டாள். எந்தத் தேதிக்கு வருகிறீர்கள் என்று மட்டுமாவது எழுதுங்கள்.

ஆஃபியா


16 ஜனவரி

என் ஆஃபியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம், சாப்பாடு சுகம். கப்பலில் நெட் ரிப்பேர். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். நம் பக்கத்துக்காரர், கீழவைப்பார் ரெக்சன், இங்கே கப்பல்களுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற போட்டில் வேலை செய்கிறார். அவர் இதைப் போட்டோ எடுத்துத் தன் போனில் இருந்து உனக்கு அனுப்புவார். உன் மெயில்களையும் அவர் போனில்தான் படித்தேன். அவர் எப்போதாவதுதான் இந்தப் பக்கம் வருவார். தாமதமானால் கோபப்படாதே.

பிளஸ் பக்கத்து வயரைச் சந்தேகப்படுகிறேன். வண்டியை ஓடவிட்டு, ஆல்டர்னேட்டர் பிளஸ்ஸில் ஒரு முள், பேட்டரி பிளஸ்ஸில் ஒரு முள். நீளமான வயர் வேண்டும். வயர் நன்றாக இருந்தால் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நிற்காவிட்டால் உன் இரண்டு வோல்ட்டைத் தின்கிற ஆள் அதுதான்.

அதுவரை பேட்டரி சாகாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். எல்லா இணைப்பையும் கழற்றிவிடு. லைஃப்போட்டில் வருகிற மாதிரி சின்ன சோலார் பலகை கிடைத்தால் உச்சி வெயிலில் மட்டும் மாட்டு. சாயங்காலம் கழற்றிவிடு. ஒரு பல்புக்கு மேல் எரிக்காதே. போனை அதில் சார்ஜ் போடுவதாக இருந்தால் பாதி ஏறியதும் பிடுங்கிவிடு. செத்துப்போனது போலக் கிடக்கிற பேட்டரியில் இருந்தும் இப்படி ரொம்ப நாள் கறக்கலாம்.

நேற்று தூண்டிலில் பாறை மீன் கிடைத்தது. எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். உன் வீட்டில் என்ன சமையல்? கட்டாயம் எழுது, விவரமாக எழுது.

காண்ட்ராக்டைக் கொஞ்சம் நீட்டியிருக்கிறார்கள். பெருநாளைக்குள் வந்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.

அஸ்கர்


காயல்பட்டினம்
25 ஜனவரி

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். இன்று சமையல் தேங்காய்ப்பால் சோறும் வாளைமீன் ஆணமும். இது உங்கள் கேள்விக்குப் பதில். இனி என்னுடையது.

கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன்.

பிளஸ் பக்கம் அளந்தேன், பூஜ்யம். வயர் மேல் தப்பில்லை. மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். கரண்ட் போகிற வழியைத்தானே அளந்தோம், திரும்பி வருகிற வழியை இதுவரை யாரும் அளக்கவில்லையே? பேட்டரி மைனஸில் ஒரு முள்ளும் காரின் பாடியில் ஒரு முள்ளும் வைத்தேன், பூஜ்யம். பாடியில் ஒன்றும் என்ஜினில் ஒன்றும் வைத்தேன். ஒன்று புள்ளி ஒன்பது! திருடன் அகப்பட்டான்.

என்ஜினையும் பாடியையும் இணைக்க ஒரு பின்னல் பட்டை உண்டல்லவா, அதன் போல்ட்டைக் கழற்றினேன். பட்டைக்குக் கீழே பளபளவென்று சாம்பல் நிறப் பெயிண்ட். ஒரு பூச்சு இல்லை, மூன்று பூச்சு. அந்த நிறம் இந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காது. கப்பலில் இருந்து டப்பாவோடு நீங்கள் கொண்டுவந்தது.

போன லீவில் நீங்கள் காருக்கு அடியில் கிடந்து உப்புக்காற்று பட்டுவிடும், துருப்பிடித்துவிடும் என்று வெறும் இரும்பு கண்ணில் பட்ட இடமெல்லாம் சுரண்டிச் சுரண்டிப் பூசினீர்களே, அப்போது இதையும் கழற்றிப் பூசி, அதன் மேலேயே பட்டையை வைத்து முடுக்கியிருக்கிறீர்கள். கப்பல்காரருக்குப் பெயிண்ட் இல்லாத இரும்பைப் பார்த்தால் கை நிற்காது. சரி. ஆனால் கரண்ட் எந்த வழியாகத் திரும்பும்? வேறு வழி இல்லாமல், என்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கிற ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது. கரண்டே இல்லாத வெறும் இரும்புக் கம்பி! சிரித்தீர்களே, இப்போது சிரியுங்கள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இரும்பைக் கண்ணில் பார்த்த பிறகு மாட்டினேன். ஒரே திருப்பில் எழுந்தது. பேட்டரியில் பதினாலு. ஜீவமணி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, அஸ்கர் காக்காகிட்ட நான்தான் கண்டுபிடிச்சேன்னு சொல்லிரட்டுமா?" என்கிறார்.

கார் முடிந்தது. இனி உங்கள் பக்கம். நெட் ரிப்பேர் என்கிறீர்கள், நீங்கள்தானே அங்கே எலெக்ட்ரீஷியன்? போனைப் பாதிச் சார்ஜில் பிடுங்கச் சொல்கிறீர்கள். இது எனக்குச் சொன்னதா, நீங்கள் செய்துகொண்டிருப்பதா? அவ்வளவு பெரிய கப்பலில் ஒரு மீனை ஏன் பங்கு போடுகிறீர்கள்? நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் எழுதுங்கள். உங்கள் கப்பலில் கரண்ட் இருக்கிறதா?

ஆஃபியா


18 பிப்ரவரி

என் ஆஃபியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம், சாப்பாடு சுகம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் வாப்பா உயிரோடு இருந்திருந்தால் என் எலெக்ட்ரீஷியன் லைசென்ஸைப் பிடுங்கி உன் கையில் கொடுத்திருப்பார். அந்தப் பட்டைக்கு அடியில் பூசியது எனக்கு நினைவே இல்லை. டெக்கில் வேலை செய்கிறவர்களைப் பார்த்து வந்த பழக்கம். சுரண்டு, பூசு, சுரண்டு, பூசு. இருபது வருஷம் இதுதான் தொழில் என்று பீற்றிக்கொண்டவன் வாயை நீ நன்றாக அடைத்துவிட்டாய். இனி அந்த இடத்தில் பெயிண்ட் வேண்டாம். முடுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடு. டிக்கிப் பக்கம் பேட்டரி மைனஸ் போல்ட்டிலும் பூசியிருப்பேன், எதற்கும் அதையும் தேய்த்துவிடு. ஜீவமணி பெயர் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும்.

வாளைமீன் ஆணத்துக்கு மாங்காய் போட்டாயா?

ஸஹ்லா நிக்காஹ் விஷயமாக ஒன்று. ஒருவேளை தேதி நெருக்கத்தில் எனக்குத் தாமதமானால், எனக்குப் பதிலாக உட்காருகிற வக்கீலாக யாரையாவது போனில் நியமிக்கலாம். பெரியப்பா மகனே போதும். மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டு. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

அஸ்கர்


காயல்பட்டினம்
6 மார்ச்

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு தொடங்கிவிட்டது. உங்கள் சுகத்தை விசாரிக்கப் போவதில்லை. என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கரண்ட் இருக்கிறதா என்று கேட்டேன். பெயிண்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதினீர்கள். உங்கள் கம்பெனிக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. நீங்களும் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஊகிக்காதே என்று சொல்லித் தந்தவர் நீங்கள்தான். அதனால் தூத்துக்குடி போய்க் கப்பல்காரர்கள் சங்கத்தில் விசாரித்தேன்.

அங்கே அருமைநாயகம் என்று ஒரு அண்ணாச்சி. கப்பல் பேரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அஸ்கர் வீட்டுக்காரியாம்மா? அந்தக் கப்பலை மொதலாளி கைவிட்டு நாலு மாசம் ஆச்சே. டீசல் இல்ல, கரண்ட் இல்ல. குடிதண்ணியே தர்மத்துக்குத்தான் போவுது. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்று சொன்னேன். நோன்பு வாயால் உங்களுக்காகப் பொய் சொன்னேன்.

அதோடு விட்டாரா? "ஜனவரியில எல்லாருக்கும் ஊருக்கு டிக்கெட் ஏற்பாடு பண்ணுனோம்மா. ஆறு பேரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டான். ஒங்க வீட்டுக்காரரு மாட்டேன்னுட்டாரு. எறங்குனா சம்பளம் போயிரும்னு அந்தக் கேப்டன் சொன்னதை நம்புதாரு. வக்கீலுக்கு எழுதிக் கொடுத்துட்டு எறங்கலாம், கேஸு அது பாட்டுக்கு நடக்கும்னு ஆள் விட்டுச் சொல்லியாச்சு. கேக்க மாட்டேங்காரு."

ஜனவரி! எனக்குச் சோலார் பலகையைப் பற்றி எழுதிய அதே ஜனவரி. கப்பல் நின்றுபோனது உங்கள் குற்றம் இல்லை, அதை மறைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வரலாம் என்றபோது வர மாட்டேன் என்றீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் பேட்டரி செத்துவிட்டது என்று நான் உங்களைப் போட்டு அரித்தெடுத்தேன், நீங்கள் இருட்டில் உட்கார்ந்து அதற்கு வைத்தியம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். சங்கத்து வாசலில் காரில் உட்கார்ந்து அழுதேன்.

காரை நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். ஓட்ட ஆள் யார் என்று கேட்டீர்களே, நான்தான். லைசென்ஸ் எடுத்தாயிற்று. நீங்கள் வந்து இறங்கும்போது காட்டி உங்களை அசர வைக்க மறைத்து வைத்திருந்தேன். நான் மறைத்தது நீங்கள் சிரிப்பதற்கு. நீங்கள் மறைத்தது எதற்கு?

நோன்பு திறந்த பிறகு உம்மாவிடம் சொன்னேன். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எழுதுளா" என்றார்கள். அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"மருமவனே, ஒங்க சம்பளத்தைப் பாத்தா நாங்க ஒங்களை வீட்டுக்கு எடுத்தோம்? மாடி இல்லாட்டி ஸஹ்லா கீழ இருந்துட்டுப் போறா. அண்ணன் இல்லாம எங்கன போயி இருப்பா? வெறுங்கையா வந்தா இந்த வீட்டுல சோறு இல்லைன்னு நான் எப்ப சொன்னேன்? வீட்டை விட்டு நான் எடுக்கச் சொன்னது காரை. ஒங்களை இல்ல."

ஸஹ்லா தன் அண்ணனுக்குச் சொன்னது இது: "காக்கா போன்ல வக்கீல் வச்சா நான் அன்னைக்கு அறையை விட்டு வெளிய வர மாட்டேன்." அனஸும் காத்திருக்கத் தயார் என்று சொல்லியனுப்பிவிட்டான். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கையெழுத்துப் போடுங்கள்.

ஆஃபியா


8 ஏப்ரல்

என் ஆஃபியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். முதல் வரியில் சுகத்தை எழுதச் சொல்வாய். நான் சுகமில்லை, ஆஃபியா. எட்டுக் கிலோ இளைத்துவிட்டேன். பல்லில் ரத்தம் வருகிறது. பெருநாளன்று ரெக்சன் அவர் வீட்டில் ஆக்கிய பிரியாணியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓரமாகப் போய் நின்று அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

நவம்பரிலேயே டீசல் தீர்ந்துவிட்டது. லைஃப்போட் பேட்டரியில் ஒரு பல்பும் போனும். சம்பளம் மொத்தமாக வரும் என்று நான் எழுதியபோதே ஒரு மாதச் சம்பளமும் வந்திருக்கவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று கேப்டன் சொன்னார். நானும் உனக்கு அப்படியே சொன்னேன். ஜனவரியில் டிக்கெட் வந்தபோது பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். மாமி வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. பெண் வீட்டில் வந்து இருக்கிற மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்து வந்து இறங்கும்போது கையில் ஒன்றும் இல்லாமல் எப்படிப் படி ஏறுவான்? யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. நானாகவே நினைத்துக்கொண்டேன். தங்கைக்கு ஒரு மாடி கட்டிக் கொடுக்க முடியாத அண்ணன் வலீ என்று போய் உட்காரவும் வெட்கமாக இருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு உன் கார்தான் எனக்கு வேலை. இந்த இரும்பு மலையில் ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. உன் கடிதம் வந்த நாளில்தான் நான் எலெக்ட்ரீஷியன். பெல்ட்டைப் பார், பிரஷ்ஷைப் பார் என்று எழுதும்போது வீட்டு முற்றத்தில் உன் பக்கத்தில் குனிந்து நிற்பது போல இருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவாயோ என்றுகூடப் பயந்தேன்.

மாமி சொன்ன கடைசி வரியைப் படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மீதி இருக்கிற நாலு பேரும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். அப்புறம் ஐந்து பேருமே கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

பதினைந்தாம் தேதி, சென்னை வழியாக, மாலை நாலு மணி விமானத்தில் தூத்துக்குடி வருகிறேன். யாரையும் அனுப்பாதே. இருட்டும்வரை பஸ் ஸ்டாண்டில் இருந்துவிட்டு, ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல் வந்துவிடுகிறேன். ஸஹ்லாவுக்கு ஒரு சென்ட் பாட்டில்கூட இல்லை. பெட்டி இல்லை, பை இல்லை. போட்டிருக்கிற சட்டையோடு வருகிறேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று சொல்லாதே.

அஸ்கர்


காயல்பட்டினம்
10 ஏப்ரல்

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லாரும் சுகம். நீங்கள் சுகமில்லை என்று எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. உங்கள் பல்லுக்கு உம்மா நெல்லிக்காய் ஊறப்போட்டாயிற்று.

பஸ் ஸ்டாண்டும் வேண்டாம், இருட்டவும் வேண்டாம். நான் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன். உம்மாவும் வருவேன் என்று துப்பட்டியை எடுத்து மடித்து வைத்தார்கள். இரண்டு சீட்டுதான், நீங்கள் வந்தால் மருமகன் எங்கே உட்காருவார் என்று கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அப்ப ஊருக்குள்ள மெதுவா ஓட்டு. எல்லாரும் பாக்கட்டும்" என்றார்கள். அப்படியே செய்யப்போகிறேன். மேல்கூரையை மடக்கிவிட்டு, நல்ல வெளிச்சத்தில், ஊர் நடுவே வருவோம். வெட்கமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஓட்டுவது நான்தானே?

கையில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் காரின் டிக்கியை நீங்கள் மறந்துவிட்டீர்கள். பாதியை பேட்டரி அடைத்திருக்கிறது, மீதியில் ஸ்டெப்னி கிடக்கிறது. ஒரு கைப்பை வைக்க இடம் கிடையாது. நீங்கள் பெட்டியோடு வந்திருந்தால்தான் உங்களை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். வெறுங்கையோடு வாருங்கள்.

உங்கள்
ஆஃபியா